மண்ணீரல் முதல் மெஷின் லேர்னிங் வரை: மலேரியா பயோமார்க்கர் ஆய்வுகள் மீது சில ஆட்சேபங்கள்

மலேரியா பயோமார்க்கர் பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தொனியில்தான் முடியும். இந்தப் புரதங்களை அளந்தால், யாருக்கு நோய் முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல உதவக்கூடும் என்பார்கள். கடந்த நாலஞ்சு மாசமா ராத்திரி வேலை முடிஞ்சதும் இதைத்தான் வாசிச்சிட்டு இருக்கேன். அந்த 'உதவக்கூடும்' இருபது வருஷமா அப்படியே இருக்கு. கட்டுரை மாறுது, புரதத்தோட பேரு மாறுது, அந்தச் சொல் மட்டும் மாறலை. ஏன்?

நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படிச்சு சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆனா இந்தக் கட்டுரைகளில் பாதி வேலை ரத்தத்தில் நடக்கிறதில்லை, எக்செல் ஷீட்டில் நடக்குது. ஆயிரக்கணக்கான எண்களை வாங்கி, 'தீவிரம் / தீவிரமில்லை' என்று ரெண்டு குவியலாகப் பிரிக்கிற புரோகிராம். அது என் தொழில். அந்த உரிமையில்தான் இந்த விமர்சனம்.

பயோமார்க்கர்னா புதுசா ஒண்ணுமில்லை. உடம்புக்குள்ள நடக்கிறதை வெளியிலிருந்து அளந்து சொல்லும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். மலேரியாவுக்கு உலகத்திலேயே பழைய பயோமார்க்கர்களில் ஒண்ணு இந்தியாவில் பிறந்தது. 1847ல் டெம்ப்ஸ்டர் என்கிற ராணுவ மருத்துவர், வட இந்தியக் கால்வாய்க் கரை ஊர்களில் குழந்தைகளின் வயித்தைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்குன்னு எண்ணினார். மலேரியாவுக்குக் காரணம் ஒட்டுண்ணி என்று லாவெரான் கண்டுபிடிச்சது 1880ல். கொசுவின் வயித்தில் அந்த ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் பார்த்தது 1897ல், செகந்திராபாத்தில். (அதே வருஷம் ராஸ் ஊட்டிக்கு வந்து, நம்ம பக்கத்து சீகூர் மலைச்சரிவில் காய்ச்சலை ஆராயப் போய், அவருக்கே மலேரியா வந்தது தனிக்கதை.) அதாவது காரணமே தெரியாமல் குறியை அளந்திருக்காங்க, அதுவும் உபயோகமா. நம்மூரில் பெரியவங்க 'காய்ச்சக்கட்டி' என்று சொன்னதும் இந்த மண்ணீரல் வீக்கத்தைத்தான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது. 1908ல் பஞ்சாபில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி மூணு லட்சம் பேர் அளவுக்குச் செத்தாங்க. அதை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸ் 1911ல் கொடுத்த அறிக்கையில், சாவு எண்ணிக்கையோடு ஒத்துப்போனதாகக் காட்டிய விஷயங்கள் ரெண்டு: மழை, உணவு தானியத்தின் விலை. கோதுமை விலை ஏறின வருஷத்தில் நல்ல மழையும் பெஞ்சா சாவு கூடுது. பட்டினி கிடந்த உடம்பை மலேரியா எளிதாகக் கொன்றது. 1921லிருந்து கில் என்பவர் இதை வெச்சு வருஷா வருஷம் முன்னறிவிப்பே கொடுத்தார்: மழை, விலை, அதோட பள்ளிக்குழந்தைகளின் மண்ணீரல் கணக்கு. இதில் மண்ணீரல் கணக்கைப் படிக்கிற விதம் அழகானது. வீக்கம் குறைவா இருந்தா நல்ல செய்தின்னு நினைப்போம். அவர் அதை ஆபத்துன்னு படிச்சார். பல வருஷமா மலேரியா வரலை, அதனால எதிர்ப்புச் சக்தி இல்லை, இப்ப வந்தா ஊரே விழும். ஒரே எண், சூழலைப் பொறுத்து அர்த்தம் தலைகீழ். இன்றைய பயோமார்க்கர் கட்டுரைகளில் பலதில் நான் தேடிக் கிடைக்காதது இந்தப் புத்திதான்.

சரி, நவீனக் காலத்துக்கு வருவோம். இந்தத் துறையில் உண்மையாகவே ஜெயிச்ச பயோமார்க்கர் எதுன்னா, ஹெச்ஆர்பி-2 என்கிற புரதம். ஃபால்சிபேரம் வகை ஒட்டுண்ணி மட்டும் உருவாக்குவது. ரேபிட் டெஸ்ட் கார்டில் கோடு விழுவது இதனால்தான்.

ஃபால்சிபேரம் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் 48 மணி நேரம் வாழுது. முதல் பாதியில் அந்த அணு ரத்தத்தோட சுத்தி வரும். ரெண்டாம் பாதியில் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கும். மூளை, குடல், நஞ்சுக்கொடி எங்க வேணாலும். அதனால விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் மைக்ராஸ்கோப் காட்டுவது சுத்திக்கிட்டு இருக்கிற இளசுகளை மட்டும். கொல்லுகிறவை சுவரில் ஒட்டி ஒளிஞ்சிருக்கு. ஸ்லைடில் கொஞ்சமாத் தெரிஞ்ச நோயாளி அடுத்த நாள் நினைவு தப்புவதும், நிறையத் தெரிஞ்சவர் எழுந்து நடப்பதும் இதனால்தான்.

ஹெச்ஆர்பி-2 பெருமளவு வெளியாவது அந்த அணு வெடிக்கும்போது. அது பிளாஸ்மாவில் கரைஞ்சு எல்லா இடத்துக்கும் பரவிடும். ஆக, ஒட்டுண்ணி எங்க ஒளிஞ்சிருந்தாலும் கணக்கில் வந்துடும். பாங்காக்கில் இயங்கும் மாஹிடால்–ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுப் பிரிவின் டோண்டார்ப் குழு 2005ல் இதை வெச்சு உடம்பில் மொத்தம் எவ்வளவு ஒட்டுண்ணி இருக்குன்னு கணக்கிட்டுக் காட்டினாங்க. தாய்லாந்தில் பார்த்த பெரியவங்களில், தீவிர நோயாளிகளுக்கு அந்த மொத்தம் தெளிவாக அதிகம். ஸ்லைடு எண்ணிக்கையால் அந்த அளவுக்குப் பிரிக்க முடியலை.

எங்க பாஷையில் சொன்னா, ஸ்லைடு என்பது இப்ப ஓடுகிற புராசஸ்களின் பட்டியல். ஹெச்ஆர்பி-2 என்பது லாக் ஃபைல். லாக் ஃபைலுக்கு ஒரு குணம் உண்டு: புராசஸ் செத்த பிறகும் அது இருக்கும். மருந்து சாப்பிட்டு ஒட்டுண்ணி ஒழிஞ்ச பிறகும் பல வாரம் கார்டு கோடு காட்டும். 'இப்ப நோய் இருக்கா' என்ற கேள்விக்கு இது குறை. 'எவ்வளவு சேதம் நடந்திருக்கு' என்ற கேள்விக்கு இதே குணம் பலம். இந்த வித்தியாசத்தை விளக்காமல் 'ஹெச்ஆர்பி-2 நல்ல மார்க்கர்' என்று எழுதுகிற கட்டுரையைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும். எந்தக் கேள்விக்கு நல்ல மார்க்கர், அதைச் சொல்லுங்க.

2016ல் கோவா மருத்துவக் கல்லூரி நோயாளிகளை வெச்சு வந்த ஆய்வு (பெர்னபியூ, ராதோட், ஸ்மித் முதலானோர்) இதுக்கு ஒரு படி மேல போனது. ஒட்டுண்ணி சுவரில் ஒட்ட ஒரு கொக்கிப் புரதக் குடும்பத்தைப் பயன்படுத்துது. அந்தக் கொக்கிகளில் சில வகை, ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள இபிசிஆர் என்ற பாதுகாப்புப் புரதத்தைப் பிடிச்சுக்கும். அந்த வகைக் கொக்கியும் மொத்த ஒட்டுண்ணிப் பாரமும் சேர்ந்துதான் பெரியவங்களின் தீவிர நோயோட ஒத்துப்போகுதுன்னு காட்டினாங்க. இந்த மாதிரி ஆய்வை நான் மதிக்கிறேன். காரணம் எளிது: மார்க்கர் ஏன் வேலை செய்யுதுங்கிற கதை அதுக்குள்ளேயே இருக்கு. நூறு புரதத்தை அளந்து மேல வந்த ஆறை எடுத்துக்கிட்டது இல்லை.

ஆனா இந்த ஜெயிச்ச மார்க்கருக்கே இப்ப ஓட்டை விழுந்திருக்கு. ஹெச்ஆர்பி-2 ஜீனையே இழந்த ஒட்டுண்ணிகளைப் பெரு நாட்டில் கண்டதாக 2010ல் கட்டுரை வந்தது. கார்டு அதைப் பிடிக்காது. எரித்ரியாவில் இது ரொம்பப் பரவி கார்டையே மாத்த வேண்டியதாச்சு. இந்தியாவிலும் எட்டு மாநில மாதிரிகளைப் பார்த்து 2016ல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தத்தில் நூத்துக்கு ரெண்டு சொச்சம், ஆனா இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம். இந்த மாதிரி விடுபடல் 5 சதவீதத்தைத் தாண்டினா கார்டை மாத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கார்டை நம்பியே மருந்து கொடுத்தா, கார்டுக்குத் தெரியாத ஒட்டுண்ணிதான் தப்பிப் பிழைச்சு பெருகும். அளவுகோலே அளக்கப்படுவதை மாத்துது. ஸ்பேம் ஃபில்டர் எழுதினவங்களுக்கு இது பழக்கமான தலைவலி.

கோபியில் உக்காந்துக்கிட்டு இவனுக்கு எதுக்கு மலேரியா என்று கேட்கலாம். கொடிவேரி, தடப்பள்ளி வாய்க்கால், நாலு பக்கமும் நெல்வயல். கால்வாய்க் கொசு கியூலிசிஃபேசிஸுக்கு ஏத்த ஊர்தான். எங்க அப்பாரு வீட்டுச் சுவத்தில் 'மலேரியாக்காரர்' மருந்தடிச்சுட்டு எழுதிவெச்ச தேதிகள் சுண்ணாம்பு பூசியும் ரொம்ப நாள் தெரிஞ்சுது. 1953ல் தேசியத் திட்டம் தொடங்கினப்ப வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியான்னு கணக்கு. 1960களின் நடுவில் அது ஒரு லட்சமாச்சு. முடிஞ்சுதுன்னு கையைத் தட்டிட்டு உக்காந்தாங்க. 1976ல் 64 லட்சம். இலங்கை கதை இன்னும் மோசம்: 1963ல் வெறும் 17 பேர், அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. (பிறகு உழைச்சு ஒழிச்சாங்க. 2012க்குப் பிறகு அங்கேயே தொற்றினது ஒண்ணுகூட இல்லைன்னு 2016ல் சான்றிதழ் வாங்கினாங்க.)

இப்ப நம்ம பக்கம் உள்ளூர் மலேரியா அரிது. ஆனா தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ரூர்கேலாவையும் ஈரோட்டையும் ஒரே தண்டவாளத்தில் கோக்குது. பெருந்துறை, திருப்பூர், பல்லடம் மில்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பசங்க ஆயிரக்கணக்கில் வேலை செய்யறாங்க. நாட்டின் ஃபால்சிபேரத்தில் பெரும்பங்கு நெடுங்காலமா அந்த மாநிலங்களில்தான். கொசு இங்கேயே இருக்கு, ஒட்டுண்ணி ரயில் ஏறி வருது.

எனக்குத் தெரிஞ்ச லேப் டெக்னீசியன் தம்பி ஒருத்தர், எந்த ஊர் எந்த லேப்னு வேண்டாம், போன வருஷம் சொன்னது: "அண்ணா, மில் ஹாஸ்டல் பையன். மூணு நாளா டெங்குன்னு குளுக்கோஸ் ஏத்திட்டு இருந்திருக்காங்க. பிளேட்லெட் எம்பதாயிரம். மலேரியா கார்டு ஒத்தைக் கோடுதானுங்க காட்டுச்சு. எதுக்கும் பாப்போம்னு ஸ்லைடு போட்டா, மோதிரம் மோதிரமா கெடக்குது."

கார்டு ஏன் ஏமாந்ததுன்னு அந்த ஒரு சம்பவத்தை வெச்சுச் சொல்ல முடியாது. ஜீன் விடுபட்ட வகையா இருக்கலாம். வெயிலில் கிடந்த கார்டா இருக்கலாம். புரதம் அளவுக்கு மீறி இருந்தாலும் கோடு விழாமல் போகும். ஆனா மூணு நாள் டெங்கு என்று நினைச்சதுக்குக் காரணம் தெளிவு: பிளேட்லெட். நம்ம ஊரில் காய்ச்சல்னா பிளேட்லெட், பிளேட்லெட்னா டெங்கு, உடனே நிலவேம்பும் பப்பாளி இலையும். மலேரியாவிலும் பிளேட்லெட் நல்லா இறங்கும்ங்கிறது யாருக்கும் ஞாபகம் வர்றதில்லை. ஒரு மார்க்கர் ரெண்டு நோய்க்கும் பொதுவா இருந்தா, எந்த நோய் பிரபலமோ அதுக்குத்தான் சாட்சி சொல்லும்.

இதனாலதான் ஐஐடி பம்பாயில் சஞ்சீவ ஸ்ரீவஸ்தவா குழுவினர் 2020ல் வெளியிட்ட பிளாஸ்மா புரத ஆய்வைக் கவனமாப் படிச்சேன். விவாக்ஸ், ஃபால்சிபேரம் ரெண்டிலும் தீவிரமானதையும் அல்லாததையும் எடுத்து, கூடவே டெங்குவையும் ஒப்பிட்டாங்க. அந்த டெங்கு ஒப்பீடுதான் எனக்குப் பிடிச்சது. இந்தத் துறையில் பாதிக் கட்டுரைகள் சாகக்கிடக்கிற நோயாளியையும் நல்லா இருக்கிற ஆளையும் பக்கத்தில் வெச்சு, 'பாருங்க, எங்க மார்க்கர் பிரிக்குது' என்கின்றன. அதுக்கு மார்க்கர் எதுக்கு, வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே பிரிச்சுச் சொல்லிடுவார். டாக்டர் முன்னாடி நிற்கும் கேள்வி காய்ச்சல்காரர்கள் நாலு பேரில் யாருக்கு என்ன என்பது. அந்தக் கேள்வியை இவங்க எடுத்திருக்காங்க. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரப்போறதில்லை; அந்தப் பட்டியலிலிருந்து ஒரு சின்னக் கார்டு செய்ய இன்னும் நெடுந்தூரம். அது வேற விஷயம்.

பொதுவா இந்த 'நிறையப் புரதம், கொஞ்சம் நோயாளி' வகை ஆய்வுகளில் எனக்குப் பெரிய ஆட்சேபம் ஒண்ணு இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பைத்தானில் செஞ்சு பார்த்தேன். 40 'நோயாளிகள்', ஆளுக்கு 2,000 'புரதங்கள்'. எல்லாமே கண்டபடி உருவாக்கின எண்கள், ஒரு அர்த்தமும் இல்லை. 20 பேருக்குத் தீவிரம், 20 பேருக்கு இல்லைன்னு நானா லேபிள் ஒட்டினேன். மொத்தத் தரவையும் பார்த்து நல்லாப் பிரிக்கிற 10 புரதத்தைப் பொறுக்கி, அதுக்கப்புறம் முறைப்படி குறுக்குச் சரிபார்ப்பு. 90 சதவீதத்துக்கு மேல துல்லியம்! குப்பையிலிருந்து. பொறுக்குகிற வேலையைச் சரிபார்ப்புக்கு உள்ளே கொண்டு போனதும் 50க்கு விழுந்தது. அதாவது காசு சுண்டிப் போடுறது. புள்ளியியல்காரர்களுக்கு இது இருபது வருஷப் பழைய பாடம். ஆனா ஒரு கட்டுரையில் இந்தப் பொறுக்கும் வேலை எந்தக் கட்டத்தில் நடந்ததுன்னு தெளிவா எழுதியிருக்கான்னு தேடிப் பாருங்க. எழுதலைன்னா, அந்த வளைகோட்டுப் படத்தை அப்படியே தாண்டிப் போயிடுங்க.

லேபிள் பிரச்சினை இதை விட ஆழம். 2004ல் மலாவியில் டெரி டெய்லர் குழு ஒரு துணிச்சலான வேலை செஞ்சாங்க. மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடலைப் பரிசோதிச்சாங்க. 7 பேர் இறந்தது வேறு காரணத்தால். ஒட்டுண்ணி ரத்தத்தில் இருந்தது உண்மை, ஆனா கொன்றது அது இல்லை. மலேரியா மலிஞ்ச ஊரில் ஒட்டுண்ணியைச் சுமந்துக்கிட்டு சும்மா திரியறவங்க நிறைய; வேற நோய் வந்து விழுந்தாலும் ஸ்லைடு 'மலேரியா'ன்னு சொல்லும். நாலில் ஒரு லேபிள் தப்பா இருக்கிற தரவில் நீங்க எவ்வளவு நல்ல அல்காரிதம் ஓட்டினாலும், அது அந்தத் தப்பையும் சேர்த்தே கத்துக்கும். உயிரோட இருக்கும்போதே இதைப் பிரிச்சுக் காட்டின ஒரே அடையாளம் எதுன்னா, கண்ணின் பின்புறம் விழித்திரையில் தெரிஞ்ச மாற்றங்கள். டார்ச் மாதிரி ஒரு கருவியும் பழகின ஒரு டாக்டரும் போதும்.

'முன்கூட்டிச் சொல்வது' என்ற சொல்லிலும் ஒரு ஏமாத்து இருக்கு. ஆஞ்சியோபொய்டின்-2, எஸ்-டிரெம்-1 போன்ற புரதங்கள், ரத்தக்குழாயின் உட்சுவரும் எதிர்ப்புச் சக்தியும் கலங்குவதைக் காட்டுபவை. உகாண்டா குழந்தைகளிடம் டொரான்டோவின் கெவின் கெய்ன் குழு செஞ்ச வேலை நல்ல வேலை. ஆனா இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ரத்தம் எடுத்தது எப்போ? நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு, பல சமயம் நோய் முத்தின பிறகு. வீடு எரியும்போது தெர்மாமீட்டரை நீட்டி 'சூடு அதிகம்'னு சொல்வது முன்னறிவிப்பு இல்லை. எனக்கு வேணுங்கிறது முதல் நாள், காலோட நடந்து வந்த காய்ச்சல்காரரிடம் எடுத்த ரத்தம். அந்தத் தரவு கிடைப்பது கஷ்டம். நூறு பேரில் தீவிரமாகப் போகிறவங்க ஒண்ணு ரெண்டு பேர்தான், அதனால ஆயிரக்கணக்கில் ஆள் வேணும், காசு வேணும். எல்லாரும் ஐசியூ வாசலில் நின்னு ரத்தம் எடுப்பது அதனாலதான்.

போட்டிக்கு நிக்கிற எதிராளியையும் பார்க்கணும். 2010ல் வந்த 'கோமா–அசிடோசிஸ்' மதிப்பெண் முறைக்கு ரெண்டே விஷயம்: நினைவு எவ்வளவு இருக்கு, ரத்தம் எவ்வளவு அமிலமாயிருக்கு. ரத்த வாயு மிஷின் இல்லையா, மூச்சு வேகத்தை எண்ணுங்கன்னு அவங்களே மாற்று வழியும் கொடுத்திருக்காங்க. மூச்சு எண்ண ஒரு கைக்கடிகாரம் போதும். புதுப் புரதம் ஏதாவது வந்தா நான் கேட்கிற முதல் கேள்வி: கடிகாரம் வெச்சிருக்கிற நர்ஸை விட இது எவ்வளவு கூடுதலாச் சொல்லுது? இதுக்குப் பதில் கொடுக்கிற கட்டுரைகள் ரொம்பக் குறைவு.

நோயாளி பக்கத்து மார்க்கர் ஒண்ணு நம்ம மலையிலேயே இருக்கு. 1952ல் லேமன், கட்புஷ் ரெண்டு பேரும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு மரபைக் கண்டாங்க. இந்தியாவில் அதுதான் முதல் அறிவிப்புகளில் ஒண்ணு. அந்த ஜீன் ஒரு பிரதி மட்டும் இருந்தா தீவிர ஃபால்சிபேரத்திலிருந்து பெருமளவு காப்பு. ரெண்டு பிரதியும் இருந்தா வாழ்நாள் நோய். தீவிரத்தை முன்கூட்டிச் சொல்வதில் இதுக்கு இணையா உறுதியான மார்க்கர் வேற கிடைப்பது கஷ்டம். ஆனா இதை 'மார்க்கர்' என்று எந்தத் தொகுப்பிலும் கொண்டாடுவதில்லை, ஏன்னா இதிலிருந்து விக்கிறதுக்கு ஒரு கிட் வராது. குறும்பாச் சொல்றேன், ஆனா முழுக் குறும்பு இல்லை.

இதுவரை பேசினது பெரும்பாலும் ஃபால்சிபேரம். தமிழ்நாட்டு மலேரியா என்றால் நெடுங்காலமா சென்னை, சென்னை என்றால் விவாக்ஸ். மொட்டைமாடித் தண்ணித் தொட்டியிலும் கிணத்திலும் வளரும் ஸ்டீஃபன்சி கொசு. விவாக்ஸில் ஹெச்ஆர்பி-2 கிடையாது. அதுக்கு மேல, ஈரலில் மாசக்கணக்கில் உறங்கிட்டுத் திரும்ப எழும் உறங்கு வடிவம் வேற. அதைக் கண்டுபிடிக்க உலகத்தில் இன்னிக்கு ஒரு டெஸ்ட்டும் இல்லை. விவாக்ஸ் சாதுன்னு சொல்லிட்டு இருந்ததையும் 2005ல் பிகானீரிலிருந்து கோச்சர் குழு 11 தீவிர நோயாளிகளைக் காட்டி உடைச்சாங்க.

உறங்கு வடிவத்துக்கு ஒரு சுத்து வழி: 2020ல் மெல்போர்னின் லாங்லி, முல்லர் குழு 342 விவாக்ஸ் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளை அளந்து, அதில் 60ஐப் பொறுக்கி, கடைசியில் எட்டை வெச்சு 'கடந்த 9 மாசத்துக்குள் விவாக்ஸ் வந்திருக்கா' என்று சொல்ல முடியும்னு காட்டினாங்க. தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகள் என்று மூணு கண்டத்து மக்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து, வேறு ஆட்களிடம் சரிபார்த்தாங்க. நான் மேல சொன்ன ஆட்சேபங்களில் பாதி இதுக்குப் பொருந்தாது. நேர்மையான வேலை.

ஆனா எண்களைப் பாருங்க. பிடிக்கவேண்டியதில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், விடவேண்டியதில் 80 சதவீதத்தை விடும். நூத்துக்கு இருபது பேருக்குத் தொற்று வந்த ஊரில் 10,000 பேரைச் சோதிச்சா, 1,600 சரியாகவும் 1,600 தப்பாகவும் மாட்டுவாங்க. பாதிக்குப் பாதி, பரவாயில்லை. நூத்துக்கு ஒண்ணுதான் இருக்கிற ஊர்? 80 பேர் சரியா, 1,980 பேர் தப்பா. ஒருத்தருக்காக 26 பேர் 14 நாள் பிரிமாகுவின் முழுங்கணும். அதில் ஜி6பிடி குறைபாடு உள்ளவங்களுக்கு சிவப்பணு உடையும். எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கிறதை விட இது மேல்னு அவங்க சொல்வது சரிதான். ஆனா மலேரியா குறையக் குறைய இந்த டெஸ்ட்டின் பயனும் குறையுது. ஒழிக்கப்போகிற கடைசி மைலில்தான் ரொம்பத் தடுமாறும். 2030க்குள் ஒழிப்பது என்று குறி வெச்சிருக்கிற நம்ம நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. அந்த மூணு இடத்தில் இந்தியா கிடையாது. ஒன்பது மாசம்ங்கிற ஜன்னல், இங்குள்ள நெடுந்தூக்க விவாக்ஸ் வகைகளுக்குப் பொருந்துமான்னு இங்கேயே அளந்துதான் சொல்லணும்.

அடிப்படை விகிதத்தை மறந்த மார்க்கர் என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க வெளிநாடு போக வேண்டாம். 1896ல் வந்த வைடால் டெஸ்ட்டை நம்ம டவுன் லேப்களில் இன்னிக்கும் காய்ச்சல்னு வந்த எல்லாருக்கும் போடறாங்க. ஊரில் பாதிப் பேருக்கு 'டைபாய்டு பாசிட்டிவ்'. மலிவு, சீக்கிரம், தப்பு.

விவாக்ஸ் எங்க ஒளியுதுங்கிற கேள்விக்கு 2021ல் இந்தோனேசியாவின் பப்புவாவிலிருந்து பதில் வந்தது. விபத்து போன்ற காரணங்களுக்காக மண்ணீரல் அகற்றப்பட்ட 22 பேரின் மண்ணீரலை ஆராய்ந்தாங்க. அவங்களுக்கு அப்போ காய்ச்சல் இல்லை. ஆனா உடம்பிலிருந்த விவாக்ஸ் ஒட்டுண்ணியில் 98 சதவீதத்துக்கு மேல மண்ணீரலுக்குள்ள இருந்தது. ரத்தத்தில் தேடியது மிச்சமிருந்த ரெண்டை. டெம்ப்ஸ்டர் கையால் தடவின அதே உறுப்பு.

இந்தப் பக்கத்தில் செய்யத்தக்க ஆய்வு ஒண்ணு எனக்குத் தோணுது. பெருந்துறை, திருப்பூர் வட்டாரத்தில் காய்ச்சலோட வர்ற மில் தொழிலாளர் அத்தனை பேரையும், மலேரியா டெங்கு என்று பிரிக்காமல், வந்த முதல் நாளே பதிவு செய்யணும். கார்டு, ஸ்லைடு, பிசிஆர் மூணும் ஒரே ரத்தத்தில். மூச்சு எண்ணிக்கை, கையடக்க மீட்டரில் லாக்டேட். ஒரு துளியை ஃபில்டர் காகிதத்தில் உலர்த்தி வெச்சா, பின்னாடி வர்ற எந்தப் புது மார்க்கரையும் அதில் சோதிச்சுக்கலாம். 28 நாள் கழிச்சு ஒரு போன். முன்கூட்டியே எந்தக் கணக்கைப் போடப்போறோம்னு எழுதி வெளியிட்டுடணும், அப்புறம் பொறுக்க முடியாது. படிவம் ஒரு பக்கம்தான். வயசு, எடை, காய்ச்சல் எத்தனை நாள், கடைசியா சாப்பிட்டது எப்போ (கிறிஸ்டோஃபர்ஸுக்காக), சொந்த ஜில்லா. அதோட, ஊரிலிருந்து ரயில் ஏறின தேதிக்கு ஒரு கட்டம்.